சைக்கிள் சீட்டில் வைத்த கை

அன்று சீட்டில் முதலில் கை வைத்தது யார் என்று இன்றுவரை என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

மாமனாரின் கைதான் என்று நினைவு. ஆனால் அதே நினைவில், அவருடைய கைக்கு முன்னால் என் அப்பாவின் விரல் நுனி ஒன்று சீட்டின் தோலை உரசிவிட்டுப் பின்வாங்குவதுபோலவும் தெரிகிறது. பிறகு நடந்ததை வைத்து நானே அதைச் சேர்த்துக்கொண்டேனோ என்னவோ. இரண்டு வீட்டுக்காரர்களும் என்னைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள். நானோ வாசலில் குனிந்து செருப்பு வாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சாட்சி சொல்பவள் இருக்க வேண்டிய இடம் அதுவல்ல.

கை வைத்த பிறகு நடந்ததில் மட்டும் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஏனென்றால் அதற்குப் பிறகு வெகுநேரம் எதுவுமே நடக்கவில்லை.

இந்தக் கதையை வாராவாரம் படித்துவருபவர்களுக்கு எங்கள் குடும்பம் பழக்கம். புதிதாக வருபவர்களுக்காகக் கொஞ்சம். என் அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மாமனார் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நான் காது பரிசோதனை செய்பவள். "கண்ணுக்கு அவர், காதுக்கு நீ, வாய்க்கு நான் இருக்கேன்" என்பார் என் மாமியார். அப்பாவும் மாமனாரும் பழைய சைக்கிள் சேர்ப்பவர்கள். ஒரு கண்காட்சியில் ஒரே பெல்லை ஆளுக்கு ஒரு பக்கமாகத் தேய்த்துப் பார்த்தபோது அறிமுகமானவர்கள். எங்கள் கல்யாணம் அந்தப் பெல்லில் ஆரம்பித்தது.

சைக்கிள் சேர்ப்பவர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. விலைக்கு வரும் வண்டியின் சீட்டில் யார் முதலில் கை வைக்கிறாரோ, அவருக்குத்தான் பேசும் உரிமை. விளக்கு, பெல் மாதிரி உதிரிச் சாமானானால் அதன் மேலேயே கை. அவர் கையை எடுக்கும்வரை மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. எடுத்துவிட்டால் அடுத்தவர் முறை. ஏன் எடுத்தார், எதற்கு எடுத்தார் என்ற கேள்வியே இல்லை.

அந்த நாளுக்கு ஒரு மாதம் முன்பு ஒரு பித்தளை விளக்கின் மேல் அப்பா கை வைத்திருந்தார். அந்தக் காலத்தில் சைக்கிள் முன்னால் மாட்டிய கார்பைட் விளக்கு. திடீரென்று தும்மல் வந்தது. அப்பா கண்ணியமானவர், மூக்கைப் பொத்திக்கொண்டார். பொத்தியது விளக்கிலிருந்த கையால். கண் திறந்து பார்த்தபோது விளக்கின் மேல் சம்பந்தியின் கை இருந்தது.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இந்த நிலையில்தான் 'டைனமோ' மாமனாருக்குப் போன் செய்தான். பழைய இரும்பு வாங்குபவன். நடந்துகொண்டே இருந்தால்தான் அவனுக்குப் பேச்சு வரும், அதனால் அந்தப் பெயர். ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மாவின் வீட்டில் செயின் இல்லாத சைக்கிள் ஒன்று இருப்பதாகச் சொன்னான். அப்பாவிடமும் சொல்லியிருந்தான்.

"ரெண்டு பேருக்கும் ஏன்டா சொன்னே?" என்று கேட்டார் மாமனார்.

"ஒருத்தருக்குச் சொல்லி இன்னொருத்தர்கிட்ட யாருங்க வாங்கிக் கட்டிக்கிறது?"

பழைய சைக்கிள் சேர்ப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் கைக்கு எட்டாத ஒரு வண்டி இருக்கும். ஒருவருக்கு ஆள் உயர முன்சக்கரம் வைத்த வண்டி. இன்னொருவருக்குச் சிப்பாய் முதுகில் மடித்துக் கட்டிக்கொண்டு போகும் வண்டி. எங்கள் வீட்டு இருவருக்கும், கெட்ட நேரம், ஒரே வண்டி. செயினுக்குப் பதிலாக ஒரு குழாய்க்குள் தண்டு சுழலும்; தண்டின் இரண்டு முனையிலும் பல்சக்கரம். மிதித்தால் அழுக்கு ஒட்டாது, சத்தம் வராது.

மாமனார் அதற்காகக் கூடத்தில் ஓர் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார். நான் மருமகளாக வந்த நாளில் அங்கே ஒரு நாற்காலியைப் போடப்போக, வீடே "ஐயையோ" என்றது. "வாஷிங் மெஷின் வெக்கக் கேட்டேன், அதுக்கே இடமில்லைன்னுட்டார். காத்துக்கு வாடகையில்லாம குடித்தனம்" என்பார் மாமியார்.

என் வார விடுமுறையன்று மாமனாரை நான்தான் காரில் அழைத்துப் போனேன். அப்பா எங்களுக்கு முன்பே வந்திருந்தார். அப்போதே அவர் கை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. வண்டிக்குப் பின்னால் குந்தி, பெடலைக் கையால் சுற்றிவிட்டு, பின்சக்கரத்தின் நடுவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் லிஃப்ட் மோட்டாருக்குக் காது கொடுத்தவர். சத்தமே இல்லாத யந்திரம் கிடைத்ததும் சட்டத்தை மறந்துபோனார்.

நான் செருப்பு வாரைக் கழற்றி நிமிர்ந்தேன். சீட்டின் மேல் மாமனாரின் வலது கை இருந்தது.

அப்பா எழுந்தார். பார்த்தார். இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, எதிரே கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

நர்ஸம்மா கைத்தடி ஊன்றி உள்ளேயிருந்து வந்தார். ஒல்லியான, நிமிர்ந்த உருவம். இடுப்பில் அடிபட்டு நடமாட்டம் குறைந்தவர். அந்த அறையில் மடித்த துணிகள், ஒரு எடைக்கருவி, சுவரோரமாக அந்த வண்டி. குறுக்குக் கம்பி இல்லாத பெண்கள் வண்டி. கறுப்பு அங்கங்கே தேய்ந்து அடியில் பழுப்புத் தெரிந்தது. மாமனார் அதைப் பார்த்த பார்வையை நான் என் கல்யாண ஆல்பத்தில்கூடக் கண்டதில்லை.

"பிரசவத்துக்குப் போறப்ப இதுலதான் போவேன்" என்றார் நர்ஸம்மா. "வெள்ளை உடுப்பு. செயின் இருந்தா விளிம்பெல்லாம் கறுப்பாயிடும். ராத்திரியில தெருநாய்க்குக்கூடத் தெரியாம போய்ச் சேரலாம். இனிமே என்னால ஏற முடியாது. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். வாங்கறவங்க என் கண் முன்னால தெருமுனை வரைக்கும் ஓட்டிட்டு வரணும். ஓட்டுற கைக்குத்தான் இதைக் குடுப்பேன். அலமாரியில வெச்சுப் பார்க்கறவங்களுக்கு இல்ல."

மாமனார் தொண்டையைக் கனைத்தார். "தாராளமா. ஆனா இன்னைக்கு முட்டி கொஞ்சம் சரியில்லைங்க."

"சரி, நாளைக்கு வாங்க."

நாளைக்கு என்றால் கையை எடுக்க வேண்டும். மாமனார் எடுக்கவில்லை. "கொஞ்ச நேரம் நின்னா சரியாயிடும்" என்றார்.

அப்பா என்னைப் பார்த்துப் பேசினார். "பாப்பா, உன் மாமனாருக்கு முட்டி எப்ப இருந்து சரியில்லை? டைனமோ கடையில மாடிப்படியை ரெண்டு ரெண்டா ஏறினதா கேள்விப்பட்டேனே."

மாமனாரும் என்னைப் பார்த்தார். "ஏம்மா, அடுத்தவங்க படியை எண்ணறது எந்தத் தொழில்னு உங்கப்பாவைக் கேளு."

"லிஃப்ட் தொழில்தான். படி ஏறாதவங்களைத்தான் நாங்க எண்ணுவோம்னு சொல்லு."

நான் எதையும் யாரிடமும் சொல்லவில்லை. எல்லோருக்கும் எல்லாமே கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அதன்பின் மௌனம். என் வேலையில் மௌனம் எனக்குப் பழகியது. பரிசோதனை அறைக்குள் ஆளை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினால், அவர் மூச்சு விடுவதைத் தவிர வேறெதுவும் கேட்காது. மௌனத்தில் பல வகை உண்டு. கேட்காதவரின் மௌனம் ஒன்று. கேட்டும் பதில் இல்லாதவரின் மௌனம் வேறு. மாமனாரிடம் இருந்தது இரண்டாவது வகை.

நர்ஸம்மா டீ கொண்டுவந்தார். மாமனார் இடது கையால் குடித்தார். மூக்குக் கண்ணாடி சரிந்தது; நான் தள்ளிவிட்டேன். அப்பா அவருடைய மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். தும்மலுக்குக் காத்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. ஜன்னலைத் திறந்தால் தெருப்புழுதி உள்ளே வரும். அப்பா எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

"காத்து வேணும்" என்றார் பொதுவாக.

மாமனார் இடது கையால் கைக்குட்டையை எடுத்து மூக்கின் மேல் கட்டச் சொன்னார். கட்டினேன். பார்க்கக் கொள்ளைக்காரர் மாதிரி இருந்தார். நர்ஸம்மா முந்திக்கொண்டு சிரித்துவிட்டார்.

மதியமாகிவிட்டது. மாமியார் போன் செய்தார். நான் வெளியே போய்ப் பேசினேன்.

"சாப்பிட வராம அங்க என்னம்மா பண்றார்?"

சொன்னேன். ஓட்டிக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையையும் சொன்னேன். அந்தப் பக்கம் வந்த குரல் கிசுகிசுப்பாகத் தாழ்ந்திருந்தது. வாயையே தன் இலாகாவாக வைத்திருப்பவர் அவர், எனக்குப் பயமாகிவிட்டது.

"அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதும்மா."

"என்ன அத்தை சொல்றீங்க?"

"தெரியாது. ஒருநாளும் ஓட்டினதில்லை. கல்யாணமான புதுசுல கண்டுபிடிச்சேன். வெளிய சொன்னா சைக்கிளோட என்னையும் சேர்த்து வித்துடுவேன்னார். உன் புருஷனுக்குக்கூடத் தெரியாது. சின்னப் பையனா இருந்தப்ப அவனுக்குக் கத்துக்குடுத்ததே இவர்தான். சீட்டைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே ஓடுவார். பின்னாடி ஓடறவருக்கு ஓட்டத் தெரியுமான்னு யார் கேட்கப் போறா?"

உள்ளே வந்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே மாமனாருக்குத் தெரிந்துவிட்டது. கைக்குட்டைக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. ஊருக்கெல்லாம் பார்வை சரி செய்கிற மனிதர், என்னைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

அப்பா என்னைச் சமையலறைப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார். "உங்க அத்தை சொல்லிட்டாங்களா?"

"உங்களுக்கும் தெரியுமா!"

"எப்பவோ தெரியும். அவர் வீட்டு வண்டி ஒவ்வொண்ணையும் பார்த்திருக்கேன். எதுலயும் சீட்டை ஏத்தி இறக்கின தடம் கிடையாது. வாங்கறவன் முதல்ல தன் காலுக்கு சீட்டை வெச்சுப் பார்ப்பான். இவர் தொட்டதே இல்ல."

"அப்புறம் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கீங்க? அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா வண்டி உங்களுக்கு."

அப்பா கையைப் பையிலிருந்து எடுத்தார். திரும்பவும் உள்ளே விட்டுக்கொண்டார்.

"விளக்குச் சண்டையிலயே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொல்லி வாங்கின வண்டியில நான் எப்படிப்பா ஏறுவேன்? தும்மல்ல போச்சுன்னா தும்மல்லயே வரட்டும்."

அப்பாவுக்கு என்மேல் கோபம் வந்தாலும் பாசம் வந்தாலும் 'பாப்பா' போய் வெறும் 'ப்பா' வரும். அன்று வந்தது எது என்று நான் கேட்கவில்லை.

நாங்கள் திரும்பியபோது மாமனார் இடது கையால் கைக்குட்டையை இறக்கியிருந்தார்.

"அம்மா" என்றார் நர்ஸம்மாவிடம். "முட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது."

அறையில் இருந்த நால்வரில் மூவருக்குத் தெரிந்த செய்திதான். ஆனாலும் அது அவர் வாயிலிருந்து வந்தபோது, நான் முதல்முறை கேட்பது போலிருந்தது.

"தெரியாதா? வீடு முழுக்க சைக்கிள்னு அந்த இரும்புக்காரன் சொன்னானே. எதுக்கு அத்தனை?"

"பார்க்கறதுக்கு" என்றார் மாமனார். குரலில் இப்போது தயக்கம் இல்லை. "ஓட்டறவங்களுக்குக் கவனம் ரோட்டு மேல இருக்கும்மா. எனக்கு வண்டி மேல இருக்கணும். இந்தத் தண்டுக்குழாயோட வளைவை ஓட்டிக்கிட்டே யாராலயாவது பார்க்க முடியுமா? நான் பார்ப்பேன். தினமும் பார்ப்பேன்."

நர்ஸம்மா அவரை நிதானமாகப் பார்த்தார். அவர் பதிலை ஏற்றுக்கொண்டாரா என்று முகத்தில் தெரியவில்லை.

"நல்ல பதில். ஆனா என் பேச்சு பேச்சுதான். கையை எடுங்க. இவர் ஓட்டட்டும்."

மாமனாரின் விரல்கள் சீட்டின் மேல் இறுகின. உண்மையைச் சொல்லிவிட்டார், கையை மட்டும் எடுக்க வரவில்லை. நர்ஸம்மா என்னைப் பார்த்தார். நான் அந்தச் சட்டத்தை விளக்கினேன். கை, முறை, தும்மல், எல்லாம். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது.

"காலையில இருந்து அதுக்குத்தானா இந்த நிலை? நான் ஏதோ வாயுப்பிடிப்புன்னு நெனைச்சேன்." கைத்தடியை அப்பாவிடம் நீட்டினார். "இதைப் பிடிங்க." மாமனார் பக்கம் திரும்பினார். "நீங்க கையை எடுக்கவே வேண்டாம் ஐயா. இன்னும் கெட்டியாப் பிடிங்க. வண்டியை வெளிய கொண்டுபோங்க."

"அம்மா, உங்க இடுப்பு..." என்றேன்.

"என் இடுப்பைப் பத்தி எனக்குத் தெரியாதா பொண்ணே? நடக்கறதுதான் அதுக்குப் பிடிக்காது. மிதிக்கறதைப் பத்தி யாரும் அதைக் கேட்டதே இல்ல."

வாசற்படியில் வண்டி தடுக்கியது. ஒரு கை சீட்டிலேயே இருந்ததால் மாமனாரால் தூக்க முடியவில்லை. அப்பா கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்சக்கரத்தைத் தூக்கி வெளியே வைத்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம்.

அகலமான, வெயில் படர்ந்த தெரு. எதிர்ப்பக்கம் ஓர் அச்சகம், மதிய இடைவேளையில் மூடியிருந்தது. அப்பா ஹேண்டில்பாரைப் பிடித்தார். நர்ஸம்மா என் தோளில் கை வைத்து ஒரு காலை உள்ளே கொடுத்து ஏறி உட்கார்ந்தார். மாமனார் தன் கையைச் சீட்டின் பின்விளிம்புக்கு நகர்த்தினார். தோளைச் சாய்த்து, கால்களை அகட்டி, பழகியவர் நிற்பதுபோல நின்றார்.

"விட்டுடாதீங்க" என்றார் நர்ஸம்மா.

"விடமாட்டேம்மா" என்றார் மாமனார். அவர் அன்று சொன்னதிலேயே உறுதியான வார்த்தை அதுதான்.

அப்பா ஹேண்டிலை விட்டார். வண்டி ஆடியது, நெளிந்தது, புறப்பட்டது.

எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். கேட்பதை நம்பிப் பிழைப்பவள் நான். செயின் சத்தம் இல்லை. சரளையில் டயர் உருளும் மெல்லிய ஒலி. அதன் பின்னாலேயே மாமனாரின் செருப்பு, சடக் சடக்கென்று. அவர் இரைப்பு. "நேரே பாருங்க... கீழ பார்க்காதீங்க... அப்படித்தான்." என் கணவரின் சிறுவயதில் இதே குரல் இதே வார்த்தைகளைச் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு செருப்புச் சத்தம் நின்றது.

டயர் சத்தம் நிற்கவில்லை.

கண்ணைத் திறந்தேன். தெருவின் பாதியில் மாமனார் நின்றுகொண்டிருந்தார். வலது கை இன்னும் முன்னால் நீண்டு, எதையோ பிடித்திருப்பதுபோல வளைந்திருந்தது. அந்தக் கையில் ஒன்றும் இல்லை. நர்ஸம்மா தெருமுனைக்குப் போய், அகலமாக ஒரு வட்டம் போட்டு, பெல்லை அடித்துக்கொண்டே திரும்பி வந்தார். அவருடைய நரைத்த முடி காற்றில் பிரிந்திருந்தது.

அப்பா ஓடிப்போய் ஹேண்டிலைப் பிடித்து நிறுத்தினார். மாமனார் மெதுவாக நடந்து வந்துசேர்ந்தார்.

"சம்பந்தி" என்றார் அப்பா. நேராக அவரிடமே. "கையை ஏன் எடுத்தீங்க?"

"பேலன்ஸ் வந்துடுச்சு. அதுக்கப்புறமும் பிடிச்சிருந்தா விழுந்திருப்பாங்க." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "உங்க முறை சம்பந்தி. வைங்க கையை."

அப்பா சீட்டைப் பார்த்தார். அதில் நர்ஸம்மா உட்கார்ந்திருந்தார். இறங்கும் எண்ணம் அவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

"கை வைக்க இடமெங்கே இருக்கு?" என்றார் அப்பா. முதலில் அவர்தான் சிரித்தார்.

"இனிமே ஏற முடியாதுன்னு நினைச்சுத்தான் குடுக்கறேன்னு சொன்னேன்" என்றார் நர்ஸம்மா. "தப்பா நினைச்சிருக்கேன். உங்க ரெண்டு பேருக்கும் அலைச்சல் குடுத்துட்டேன். வேணும்னா இன்னொரு டீ தர்றேன்."

டீ குடித்தோம். மாமனார் வலது கையால் குடித்தார்.

கிளம்பும்போது நர்ஸம்மா என்னை மட்டும் நிறுத்தினார். "நீ காது பார்க்கற பொண்ணுதானே? கிட்ட வா." என் காதில், தான் உண்மையாகவே ஓட்ட முடியாமல்போகும் நாளில் அந்த வண்டி இருவரில் யாருக்கு என்று சொன்னார். காரணமும் சொன்னார்.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் நடந்தது இதுதான். நர்ஸம்மா தினமும் காலையில் தெருமுனைவரை ஓட்டுகிறார். நடக்கக் கைத்தடி, மற்றதற்கெல்லாம் வண்டி. பித்தளை விளக்கு இப்போது அந்த வண்டியில் இருக்கிறது. அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் மாமனார், பொருத்தியவர் அப்பா. இருவரும் வாரம் தவறாமல் அங்கே போகிறார்கள், ஆளுக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டு. மாமனார் சைக்கிள் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ளப் போவதும் இல்லை என்று எல்லோரிடமும் இப்போது தைரியமாகச் சொல்கிறார். என் கணவர் செய்தியைக் கேட்ட மறுநாள் தன் பழைய சின்ன சைக்கிள் எங்கே என்று பரணில் தேடினார். கூடத்தில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. மாமியாரின் வாஷிங் மெஷின் பால்கனிக்குப் போனது. டைனமோ இருவருக்கும் பயந்து எங்கள் தெரு வழியாக நடப்பதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவைத்திருக்கிறான்.

அப்பாவும் மாமனாரும் தனித்தனியாக வந்து, நர்ஸம்மா என் காதில் யார் பெயரைச் சொன்னார் என்று கேட்டுவிட்டார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை.